ஒற்றை பேட்டரி

நவம்பர் 14, வெள்ளி. வேலை முடிந்து, செங்கல்பட்டில் மாமல்லபுரம் பேருந்தில் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், கம்பெனிச் சட்டையில். மடியில் சின்ன சர்க்யூட். அடிக்கடி அதன் பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சுர்ருன்னுதான் கீது. அவுட்புட்டு மட்டும் ஜீரோவுலயே நிக்குது, அண்ணாத்த. நாளைக்குக் காலைல டெஸ்ட்டு. இத ஓட்டிக் காட்டலன்னா வேல போச்சு."

நான் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவன், வாங்கிப் பார்த்தேன். இன்வெர்ட்டிங் ஆப்-ஆம்ப், சிக்னலைப் பெருக்கித் தலைகீழாக்கும் சர்க்யூட். ப்ளஸ் வோல்ட் கொடுத்தால் அது மைனஸாகத் திரும்பி வெளியே வரவேண்டும். எத்தனை மடங்கு என்பதை இரண்டு ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கும். அவை சரியாகவே இருந்தன.

"ஒத்த பேட்டரில ஜீரோவுக்குக் கீழ இறங்க அதுக்கு வழியே இல்லியே. இன்னொரு பேட்டரி சேத்து, ரெண்டுக்கும் நடுவுல கிரவுண்டு எடுங்க, அந்த எடம்தான் ஜீரோ."

"அடப்பாவி! இத்தினி நாளா ரெசிஸ்டரையே மாத்திகினு கெடந்தேனே!" சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் ஓர் எலக்ட்ரிக் கடையின் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. "மச்சான், மூடாத!" என்று கத்தியபடி குதித்து ஓடினார். பேருந்து கிளம்பிவிட்டது.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக அதேபோல ஒரு சர்க்யூட்டை இரண்டு பேட்டரியில் கட்டினேன். மீட்டர் மைனஸ் காட்டியது. அந்தக் கடை அவருக்காகத் திறந்ததா என்பதுதான் தெரியவில்லை.