காலு எங்க கீது?

அடையாறு காந்தி நகரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் புல்தரை இருந்தது. நாலைந்து கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அந்தத் துக்கடா இடத்துக்குப் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி வேண்டும் என்று அப்பாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அறுபதுகளின் கடைசியில் அவருடைய கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் ஃபிரிட்ஜையும் ரேடியோவையும் வாங்கிக்கொண்டு போக, எங்கள் அப்பா கைவண்டியில் ஒரு புல்வெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு அந்த இடத்தில் வாழையும் முருங்கையும் வைக்க ஆசை. வாசலில் நின்று மெஷினை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டில் ஒரு மாடுகூட இல்லை, புல்லுக்கு இத்தனை உபசாரமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மெஷின் கிளம்ப மறுத்தது. அப்பா அதைப் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோனார். காலேஜ் லீவு என்பதால் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அங்கே ஒரு மெக்கானிக் அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டு, ஓட்டும் விதத்தையும் சொன்னார். ஷெட்டுக்குள்ளே கிளப்பக் கூடாது, வெளியே காற்றாடத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். புல்லில் கல், குரும்பை ஏதும் கிடந்தால் முதலில் பொறுக்கிவிட வேண்டும். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றவே கூடாது. என்ஜின் தலையில் தீப்பொறி போடும் பிளக்கை மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். கயிற்றைப் பம்பரத்துக்குச் சுற்றுவதுபோலச் சக்கரத்தில் சுற்றி, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கடைசியில் அவர் அப்பாவின் செருப்புக் காலைக் காட்டிச் சொன்னார்:

"கயிறு இஸ்க்கசொல்ல காலு எங்க கீதுன்னு பாத்துக்க சார். அடியில சுத்துற பிளேடுக்குக் கண்ணு கெடையாது."

அப்பாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. திருநெல்வேலிக்காரர் வாயில் மெட்ராஸ் பாஷை ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய ஆபீஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, கயிற்றைச் சுற்றிவிட்டு, "காலு எங்க கீது?" என்று தன்னைத்தானே உரக்கக் கேட்டுக்கொள்வார். பிறகு கீழே குனிந்து பார்த்து, "தள்ளித்தான் கீது" என்று தானே பதிலும் சொல்லிவிட்டு இழுப்பார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு அந்த வயதில் மானம் போகும். இப்போது நினைத்தால் அந்தக் காலை நேரம் அப்படியே திரும்பக் கிடைக்காதா என்று இருக்கிறது. வெட்டின புல்லின் வாசனை, பெட்ரோல் வாடை, அடுப்படியிலிருந்து வரும் டிகாக்‌ஷன் மணம், மூன்றும் கலந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எழுபதுகளில் ஒரு ஆடி மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்து வந்தார். மாடிப்படி ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, எதையும் பலமாக இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இழுக்கக் கூடாது என்ற வார்த்தை வந்ததும் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மழை விழுந்து புல் முழங்காலைத் தொட்டது. அப்பா வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அப்படிப்பட்ட பெண்தான் என்பதால் அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். அரிவாளோடு ஒரு ஆளைக் கூப்பிடலாம் என்றேன். முடி வெட்டத் தெரியாதவனிடம் தலையைக் கொடுப்பதா என்றார். நானே மெஷினைக் கிளப்புகிறேன் என்றதற்கு, கால்விரல் போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு பேரும் சேர்ந்து மறுத்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

அப்போதுதான் சரஸ்வதி பூஜை வந்தது. என் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மணை, எல்லாம் பூஜைக்கு வந்தன. புல்வெட்டியை மட்டும் தானே துடைப்பதாக அம்மா சொன்னபோது அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தலைப்பக்கம் நிறையச் சாமந்திப்பூ சுற்றியிருந்தாள். மெஷின் மேல் அவளுக்கு இத்தனை பிரியமா என்று எனக்கும் ஆச்சரியம்தான்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமியன்று கொஞ்சமாவது எடுத்து வேலை செய்துவிட வேண்டும். நான் நாலு வரி படிப்பேன், அம்மா ஒரு துணியில் நாலு தையல் போடுவாள். மெஷினையும் ஒருமுறை ஓட்டிவிட வேண்டாமா என்று அப்பா காலையிலேயே ஆரம்பித்தார். அம்மா வாயே திறக்கவில்லை. அவள் அடுப்படிக்குள் போனதும் அவர் மெல்ல எழுந்து, ஷூவை மாட்டிக்கொண்டு ஷெட் பக்கம் போனார்.

நான் வராந்தாவில் என் நாலு வரியைப் படித்துக்கொண்டிருந்தேன். "காலு எங்க கீது?" என்று குரல் கேட்டது. ஒரு கணம் பழைய ஞாயிற்றுக்கிழமை என்றே நினைத்துவிட்டேன். சுரீரென்று உறைத்து நிமிர்ந்தபோது அப்பா கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். மெஷின் சத்தமே போடவில்லை. அப்பா பின்பக்கமாக மல்லாந்து புல்லில் விழுந்தார்.

நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அப்பா நெஞ்சில் கை வைத்தபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். புல் உயரமாக இருந்ததால் முகம் மட்டும்தான் தெரிந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன். அம்மா அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அப்பா அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"பிளக் எங்க?" என்றார்.

பிளக் அம்மாவின் முந்தானையில் இருந்தது. மாதா மாதம் அப்பா அதைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்துவைத்திருந்தவள், பூஜைக்கு மெஷினைத் துடைக்கும்போது கழற்றி, பீரோ சாவியோடு சேர்த்து முடிந்துவைத்திருக்கிறாள். ஓட்டை தெரியாமல் இருக்கத்தான் அத்தனை சாமந்திப்பூ. கிளம்பாவிட்டால் விட்டுவிடுவார் என்பது அவள் கணக்கு. பிளக் இல்லாத என்ஜினில் கயிறு வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. வாளி அறுந்துபோனது தெரியாமல் கிணற்றுக் கயிற்றை இழுத்தவர்போல அப்பா விழுந்திருக்கிறார்.

அம்மா அங்கேயே புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்பாவுக்கு அடியொன்றும் இல்லை, நெஞ்சில் வலியும் இல்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தவர் கோபப்படப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் கொஞ்ச நேரம் அவள் அழுவதைப் பார்த்தார். பிறகு தன் ஷூக்களைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"நல்ல நாள். நீயே கிளப்பு," என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளக்கை முறுக்கிப் பூட்டினாள். முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகினாள். புடவையைத் தூக்கிக் கட்டி, தொளதொளவென்ற அந்த ஷூவில் நின்றாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் அந்தக் கேள்வியையும் கேட்டார். அம்மாவுக்கு மெட்ராஸ் பாஷை பிடிக்காது. "தள்ளித்தான் இருக்கு," என்று சிடுசிடுத்துவிட்டு இழுத்தாள். பலமுறை இழுத்த பிறகு மெஷின் கிளம்பியது. அவள் பயத்தில் இரண்டடி பின்னால் போனாள். அப்பா கை தட்டினார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தவரை அதுதான் வழக்கம். வாரம் முழுக்கப் பிளக் அம்மாவின் முந்தானையில் இருக்கும். புடவையெல்லாம் பெட்ரோல் நாறுகிறது என்று அலுத்துக்கொள்வாள், ஆனால் வேறு இடத்தில் வைக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்பார், அவள் சிடுசிடுத்துவிட்டு இழுப்பாள். என் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறுகூட அது தவறவில்லை.

எழுபதுகளின் முடிவில் ஒரு மத்தியானம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனபோது புல் மறுபடி முழங்காலைத் தொட்டிருந்தது. நான் அம்மாவோடு தங்கியிருந்தேன். ஞாயிறு காலை அவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஷூவை மாட்டிக்கொண்டு மெஷினை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். கல் பொறுக்கினாள். முந்தானையை அவிழ்த்துப் பிளக்கைப் பூட்டினாள். கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள். கை வலிக்கிறதோ என்று நினைத்தேன். நான் இழுக்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் பார்வை என் மேல் இல்லை, எனக்குப் பின்னால் இருந்த பிரம்பு நாற்காலியில் இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்டேன்.

"காலு எங்கம்மா கீது?"

அம்மா குனிந்து பார்த்தாள்.

"தள்ளித்தான் கீது," என்று சொல்லிவிட்டு இழுத்தாள்.