ஒரே தெருவில் மூன்று தெரு

பயணி ஏறுவதற்கு முன்னால் டாக்ஸிக்காரர் பின்னிருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, சீட்டு இன்னும் அடுப்பாதான் இருக்கு" என்பார். கதவைத் திறந்து திறந்து மூடி, உள்ளே இருக்கும் வெக்கையை வெளியே துரத்துவார். கண்ணாடியில் படிந்த மணலை ஈரத்துணியால் துடைக்கமாட்டார். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவார். வாய் மட்டும் ஓயாது. வண்டி கிளம்புவதற்குள் வந்தவருக்கு ஊரில் பாதி தெரிந்துவிடும். அவர் சொல்லும் மீதிப் பாதி ஊரிலேயே கிடையாது.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பாலைவனம், நடுவில் நீளவாக்கில் இரண்டு தெரு. மத்தியானத்தில் ஈ காக்கை இருக்காது. இங்கே ஓடும் ஒரே டாக்ஸி அவருடையது. வந்தவர் சாய்ந்து உட்கார்வதற்குள் ஊர் முடிந்துபோகும். "இவ்ளோ தூரம் வந்தவங்களை, இவ்ளோதான் ஊருன்னு சொல்லி இறக்கிவிட மனசு வரலைங்க" என்று ஒரு நாள் வண்டியைத் திருப்பி, வந்த தெருவிலேயே எதிர்த்திசையில் போய், அதற்குத் 'துறைமுகச் சாலை' என்று பெயர் வைத்தார். ஊரில் துறைமுகமே இல்லை. இடப்பக்கம் பார்த்த கடை வலப்பக்கம் வந்தால் அது வேறு கடை என்பது அவர் சித்தாந்தம். அன்றிலிருந்து அவர் ரவுண்டண்ணன்.

ஊரும் லேசுப்பட்டதல்ல. முதல் சுற்றில் வாசலில் நின்று கையாட்டும் சலூன்காரர், அடுத்த சுற்றுக்குள் தன் முகத்தில் பாதிக்கு நுரையை அப்பிக்கொண்டு வாடிக்கையாளராகிவிடுவார். மளிகைக்கடைக்கார அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு தன் கடைக்கே சாமான் வாங்க வருவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு இது தேவலையே" என்பது தையல்காரர் கட்சி.

ஆனால் போன வாரம் பேருந்திலிருந்து இறங்கிய அம்மாள் வேடிக்கை பார்க்க வந்தவரல்ல. ரவுண்டண்ணனின் மகன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண்ணைப் பெற்றவர். மகனுக்குக் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. அதை விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. பெண்ணுக்குச் சம்மதம்தான். பெண் வீட்டில்தான், நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளையை இந்த மணல் காட்டில் கொண்டுவந்து தள்ளுவதா என்று யோசனை. பெண்ணின் அப்பாவுக்குக் கால் வலி. அதனால் அம்மா போய் ஊரைப் பார்த்துவிட்டு வரட்டும், பிறகு முடிவு என்று ஏற்பாடு. பையனோ கொஞ்ச நாளாகத் தட்டைத் தொட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

"என்னங்க, மனுஷ நடமாட்டமே காணோம்? எங்க பொண்ணு காத்தோடயா பேசுவா?" என்று கேட்டபடியேதான் அந்த அம்மாள் காரில் ஏறினார்.

ரவுண்டண்ணன் அவசரமாகக் கதவைச் சாத்தினார். "நடமாட்டமா? சாயங்காலம் ஆனா வண்டி திருப்ப இடம் கிடைக்காதுங்க" என்று புளுகிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

முதல் சுற்றும் இரண்டாவது சுற்றும் வழக்கம்போல ஒப்பேறிவிட்டன. மூன்றாவதில்தான் தையல்காரர் உற்சாகம் தாங்காமல், யாரோ தைக்கக் கொடுத்திருந்த கோட்டை மாட்டிக்கொண்டு பெரிய மனிதர்போலத் தெருவைக் கடந்தார். கோட்டுக்கு இன்னும் ஒரு கை தைத்தாகவில்லை.

"இது என்ன தெரு?"

"மேட்டுத்தெருங்க. வசதியானவங்க இருக்கற இடம்."

"வசதியானவங்க கோட்டுக்கு ஒரு கைதான் வச்சுக்குவாங்களா?"

ரவுண்டண்ணனின் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது.

"அவரு மொதல்ல மெஷின்ல உக்காந்திருந்தாரு. அதோ கூடையோட நிக்கறவங்க, கடைக்குள்ளேர்ந்து என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நான் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தவ. கடைசி பெஞ்சு வேலையெல்லாம் எங்கிட்ட நடக்காது."

ரவுண்டண்ணன் பின்னால் திரும்பினார். "தப்புதாங்க. இருக்கறதே ரெண்டு தெரு. ஆளும் இவ்ளோதான். பையன் மூஞ்சியப் பாக்க முடியல, அதான்..." என்று ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். சம்பந்தம் கைநழுவிவிட்டது என்றே நினைத்தார்.

அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். சலூன்காரர் முகத்தில் நுரை வெயிலில் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. வண்டி கடந்து போகும்வரை துடைக்கக் கூடாது என்று மனிதர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எல்லார்கிட்டயும் நீங்க சொல்லி வச்சீங்களா?"

"சேச்சே, ஒருத்தர்கிட்டயும் சொல்லலைங்க. நம்ம பையன் கல்யாண விஷயமாச்சேன்னு அவங்களா..."

"எங்க அடுக்குமாடியில எதிர்வீட்டுக்காரர் நான் வர்றதப் பாத்தா லிப்ட் கதவ மூடிடுவாரு" என்றார் அந்த அம்மாள், யாரிடமோ சொல்வதுபோல.

அப்போது அவருடைய போன் அடித்தது. வீட்டுக்காரர். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. ஊரைக் காட்டு என்று குரல் வந்தது.

அந்த அம்மாள் போனை ஜன்னல் பக்கம் நீட்டினார். "ம், பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இது கடைத்தெரு. ஒரே கூட்டம், வண்டி நகரவே மாட்டேங்குது. இருங்க, அடுத்து துறைமுகச் சாலைக்குப் போறோம், அதையும் காட்டறேன்." போனைக் கையால் பொத்திக்கொண்டு முன்னிருக்கையைத் தட்டினார். "சம்பந்தி, என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க? வண்டியைத் திருப்புங்க!"

ரவுண்டண்ணன் கியரைப் போட்டார். பிறகு, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தன் முகம் பின்னால் இருப்பவருக்குத் தெரியாதபடி அதைக் கூரைப் பக்கம் தள்ளிவிட்டு, வண்டியை வளைத்தார்.