தேசம்மாவோடு பார்படோஸ் போய்வந்தது

எங்கள் டிராவல்ஸ் குமணன்சாவடி ஜங்ஷனில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. டிக்கெட்டிங்கில் சேர்ந்தேன், பிறகு டூர் மேனேஜர் ஆனேன், இப்போது ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. பார்படோஸ் போய்வந்தவள் இந்த ஆபீசில் நான் ஒருத்திதான். கரீபியன் தீவுகளைக் கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அதனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி சேகர் சார் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் நான் அங்கே சுற்றிப் பார்க்கப் போகவில்லை. போன விதத்தில்தான் எழுத வரும்.

1. விசா கேட்காத நாடு

ஒரு மழைநாள் காலையில் கணவனும் மனைவியுமாக இருவர் படியேறி வந்தார்கள். சென்னீர்குப்பத்துக்காரர்கள். ஏகாம்பரம் பரம்பரை விவசாயி. நிலத்தில் பாதிக்குமேல் போய்விட்டதால் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மனைவி பெயர் தேசம்மா. என் வயதுதான் இருக்கும்.

"மேடம், பார்படோஸ்னு ஒரு ஊரு கீதாமே. அங்க போவணும்."

"குரூப் டூரா, ஃபேமிலி டூரா சார்?"

"எங்க புள்ள அங்க கீறான்," என்றாள் தேசம்மா.

ஏகாம்பரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தேசம்மா, கீய போயி ரெண்டு பன்னு வாங்கினு வா. காலைலேந்து நீ ஒண்ணும் துன்னல," என்று அவளை அனுப்பினார். செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்ததும் என் பக்கம் குனிந்தார்.

ஒரே மகன் பாலாஜி. கேட்டரிங் படித்துவிட்டு ஒரு பயணிகள் கப்பலில் சமையல்கட்டில் வேலை. போன வருஷம் கப்பல் பார்படோஸில் நின்றபோது அரைநாள் லீவு கிடைத்தது. கூட வேலை செய்கிறவர்களோடு கிழக்குக் கரைக்குப் போனான். கடலில் இறங்கினான். அலை இழுத்துக்கொண்டது. படகிலும் ஹெலிகாப்டரிலும் தேடினார்கள்.

"பொணம் கெடைக்கல மேடம். அதான் அவ நம்ப மாட்டேன்றா. எவனோ மீன்புடிக்கறவன் காப்பாத்தி ஊட்ல வச்சிக்கினு கீறானாம். புள்ளைக்கு நெனப்பு தப்பிப் போச்சாம். கருமாதி பண்ண உட மாட்டேன்றா. சொந்தக்காரன்லாம் கேக்கறான். நேரா இட்டுனு போயி அந்தக் கடல காட்டினா..."

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். தேசம்மா பன்னோடு வந்தாள். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பார்படோஸில் விசா தேவையில்லை. இதைச் சொன்னதும் வருகிறவர்கள் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். நேர் விமானம் கிடையாது, வழியில் இறங்கி மாறவேண்டும். லண்டன் வழி என்றால் பெரும்பாலும் டிரான்சிட் விசா கேட்பார்கள். அது கைக்கு வருமுன் டிக்கெட்டை உறுதி செய்யக் கூடாது. பக்கத்துத் தீவான டிரினிடாடுக்கும் போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சர்டிஃபிகேட் வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டிலேயே தனியாகப் பிடித்து வைத்துவிடுவார்கள்.

இவர்களுக்கு லண்டன் வழிதான் கிடைத்தது. விசா சென்டரில் தேசம்மாவின் கைரேகை மெஷினில் விழவில்லை. களை எடுத்து, சாணி தட்டித் தேய்ந்த விரல்கள். அங்கிருந்த பெண் திரும்பத் திரும்பத் துடைத்து வைக்கச் சொன்னாள். "அழுத்தி வையும்மா," என்றார் ஏகாம்பரம். "அழுத்தித்தான் வைக்கறேன். ரேகை இல்லன்னா புள்ளைய பாக்க உட மாட்டாங்களா?" என்று கேட்டாள். எந்தப் பிள்ளை என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு விழுந்தது.

இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. நீங்களும் கூட வரவேண்டும் என்று ஏகாம்பரம் கேட்டபோது, சேகர் சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

2. பெட்டியில் வைக்கக் கூடாதது

கிளம்புவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய் பெட்டியைப் பார்த்தேன். முதல் தடவை போகிறவர்களுக்கு இதை நீங்களும் செய்யலாம். பழம், விதை, செடி, பச்சை மாமிசம் எதுவும் கூடாது. நம் சார்ஜர் அங்குள்ள பிளக்கில் நுழையாது, அடாப்டர் வேண்டும். வெயில் நம்மூர் மாதிரிதான், ஆனால் கடற்காற்றில் சுடுவது தெரியாது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். டிசம்பரிலிருந்து மே வரை அனுப்புவது நல்லது.

தேசம்மாவின் பெட்டியில் அவள் புடவைகள் ஓரத்தில்தான் இருந்தன. மீதியெல்லாம் பாலாஜியின் துணி. துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தாள்.

"எவன் ஊட்லயோ கீறான். மாத்துத்துணிக்கு இன்னா பண்ணுவான்?"

நடுவில் பட்டாளத்துக்காரர் போடுவதுபோல் பச்சையும் பழுப்புமாகத் திட்டுப்போட்ட ஒரு பேண்ட். அந்த டிசைன் அந்தத் தீவில் சட்டப்படி தடை. ராணுவத்தார் தவிர யாரும் போடக் கூடாது, குழந்தைகள்கூட. ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளே, கட்டாயம் சொல்லவேண்டிய விஷயம் இது. நான் சொன்னேன்.

"இதுதான் அவனுக்கு ரொம்பப் புடிச்சது," என்றாள். பேண்ட்டை மடியில் வைத்துத் தடவினாள். "அப்போ அங்க இத போட முடியாம கஷ்டப்பட்டிருப்பான் இல்ல?"

ஏகாம்பரம் எழுந்து வெளியே போனார். நான் பேண்ட்டை வாங்கி பீரோவில் வைத்தேன். மற்ற துணிகளை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3. குட் மார்னிங்

இமிக்ரேஷனில் ரிட்டர்ன் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் விலாசமும் கேட்பார்கள். கையில் பிரிண்ட் இருக்கட்டும். போனில் சார்ஜ் போய்விட்டால் நின்றுபோவீர்கள். என்ன காரணத்துக்காக வந்தீர்கள் என்றால் 'ஹாலிடே' என்று சொன்னால் போதும் என்று வழியெல்லாம் இருவருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கவுண்டரில் உயரமான ஒரு பெண் அதிகாரி. நான் பதில் சொல்லுமுன் தேசம்மா கண்ணாடி அருகில் போய், "எம்புள்ளைய பாக்க வந்துகீறேன்," என்றாள் தமிழிலேயே.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். அவருக்கு அந்தச் சம்பவம் தெரிந்திருந்தது, சின்னத் தீவு அல்லவா. முத்திரை குத்திய பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். "அந்தக் கரையில் மீன் பொரித்து விற்கும் மார்வாவைக் கேளுங்கள். அன்றைக்கு அவள் அங்கேதான் இருந்தாள்," என்றார்.

அங்கே யாரிடமும் எடுத்தவுடன் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் 'குட் மார்னிங்' சொல்லவேண்டும். சொல்லாமல் வழி கேட்டால் பதில் வராது, மரியாதை தெரியாதவர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் பேசும் இங்கிலீஷ் முதலில் நமக்குப் பிடிபடாது. மெதுவாகச் சொல்லச் சொன்னால் கோபிக்க மாட்டார்கள். தேசம்மா இந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டாள். ஹோட்டல் வாசலில், பஸ்ஸில், ரோட்டில் வருகிற ஒவ்வொருவரிடமும் "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டு மகனின் போட்டோவைக் காட்டினாள். அவர்கள் நின்று, வாங்கிப் பார்த்து, தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சாயங்காலமும் அவள் 'குட் மார்னிங்' என்றுதான் சொன்னாள். யாரும் திருத்தவில்லை.

4. கிழக்குக் கரை

பார்படோஸில் கடல் இரண்டு விதம். மேற்குக் கரையில் ஏரிபோல் அமைதியாக இருக்கும். குழந்தைகளும் நீந்தலாம். கிழக்கே அட்லாண்டிக். ஆப்பிரிக்காவிலிருந்து தடையே இல்லாமல் வரும் தண்ணீர். மேலே அலை அடிப்பது கண்ணுக்குத் தெரியும், அடியில் இழுப்பது தெரியாது. பார்க்க அவ்வளவு அழகு. அதுதான் ஆபத்து.

மார்வா அறுபது வயதைத் தாண்டியவள். தகரக் கொட்டகையில் அடுப்பு வைத்திருந்தாள். நான் 'குட் மார்னிங்' சொல்லி, இவர்கள் யார் என்று சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். போட்டோவைப் பார்க்கவே இல்லை. தேசம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இதே முகம்தான்," என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். பாலாஜி அவள் பொரிப்பதைக் கிட்ட நின்று பார்த்தான். மாவில் என்ன சேர்க்கிறாய் என்று கேட்டான். நானும் சமையல்காரன்தான் என்றான். தனக்கு ஒரு மீன் சொல்லிவிட்டு, செருப்பை மேசைக்கு அடியில் விட்டான். இங்கே இறங்காதே என்று மார்வா சொன்னாள். முழங்கால் வரைக்கும்தான் என்று சிரித்துக்கொண்டே போனான். அவன் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். தலை ஒருமுறை மேலே வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. அங்கிருந்த மீனவர்கள் படகை எடுத்தார்கள். மார்வாவின் தம்பியும் போனான். இருட்டும்வரை தேடினார்கள்.

தேசம்மா அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னிடம், "சாப்டானான்னு கேளு," என்றாள்.

கேட்டேன். மார்வா தலையை ஆட்டினாள். "இல்லை. சூடாக வைத்திரு, வந்து சாப்பிடுகிறேன் என்றான்."

நான் தயங்கினேன். சாப்பிட்டான் என்று சொல்லிவிடலாம். இந்த ஊரில் எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் தேசம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை தூரம் கடந்து அவள் கேட்கும் கேள்வி இது.

"இல்ல அக்கா. வந்து சாப்பிடறேன்னு சொல்லிட்டுப் போனாராம்."

அவள் கடலைப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, "அதே மீனு ஒண்ணு போடச் சொல்லு," என்றாள்.

மார்வா அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெயில் மீனைப் போட்டபோது தேசம்மா எட்டிப் பார்த்து, "கோலா மீனுதான் இது. நம்மூர்ல கெடைக்குமே," என்றாள். தண்ணீருக்கு மேல் பறக்கும் பறவைக்கோலாவேதான். அந்தத் தீவில் அதுதான் எல்லோர் வீட்டிலும் சமைக்கும் மீன். பிளாஸ்டிக் தட்டில் எடுத்து வைத்ததும் தேசம்மா தட்டைத் தள்ளினாள். இலை வேண்டும் என்று கையால் காட்டினாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள்போல் காய்க்கும் ஒரு மரம் இருக்கிறது. மாஞ்சினீல் என்பார்கள். காய், பால், இலை எல்லாம் விஷம். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினாலே தோல் வெந்துவிடும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். தெரியாத மரத்தில் கைவைக்காதீர்கள். தேசம்மா தானே பறிக்கப் போய்விடுவாளோ என்று, நான் அதைச் சொல்லித் தடுக்கப் போனேன். அதற்குள் மார்வாவே கடல்திராட்சை மரத்திலிருந்து வட்டமான பெரிய இலை ஒன்றைப் பறித்து, கழுவி எடுத்துவந்தாள்.

தேசம்மா இலையை ஈரமணலில் விரித்தாள். மீனை வைத்தாள். தண்ணீரைச் சுற்றி விட்டாள். கற்பூரம் இல்லை. கைகூப்பி, "வந்து துன்னுட்டுப் போடா," என்றாள்.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எந்தத் தாயும் படையல் போடமாட்டாள். ஏகாம்பரத்துக்கு அது புரிந்தது. அவ்வளவு நாளும் மனைவிக்காக அடக்கிவைத்திருந்த மனிதர், மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தேசம்மா அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மார்வாவும் அழுதாள். "ஒரு தடவைதான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம்," என்று என்னிடம் சொன்னாள். தேசம்மா என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"நான் பெத்தவ. நான் சொன்னதையே அவன் என்னிக்கும் கேட்டதில்லன்னு சொல்லு. அவ மேல ஒண்ணுமில்லன்னு சொல்லு."

சொன்னேன். மார்வா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கையோடு கொண்டுவந்திருந்த பாலாஜியின் துணிகளையெல்லாம் தேசம்மா அவளிடமே கொடுத்தாள், அவள் தம்பி பிள்ளைகள் போட்டுக்கொள்ளட்டும் என்று.

5. சொல்லவேண்டியது

ஊர் திரும்பியதும் கருமாதி நடந்தது. நான் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்களா என்று தேசம்மா பந்தி பந்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் பூந்தமல்லி மார்க்கெட்டில் எப்போதாவது எதிர்ப்படுவாள். நின்று பேசுவோம். மகன் பேச்சு வந்தால் "இருந்தான்" என்றுதான் சொல்கிறாள். மெலிந்துவிட்டாள்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வருவது இதுதான். பார்படோஸ் கேட்டு யார் வந்தாலும், விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் முன்னால் கடலைப் பற்றிச் சொல்லுங்கள். மேற்கே குளிக்கலாம். கிழக்கே பார்க்கலாம், கால் நனைக்கக்கூட வேண்டாம். ஒரு தடவை சொன்னால் அது தகவலாகக் காதில் விழும், அவ்வளவுதான்.

போன வாரம் அம்பத்தூரிலிருந்து ஒரு புது ஜோடி வந்தார்கள். இருவரும் ஐ.டி. வேலை. பேசி முடித்து எழுந்தபோது அந்தப் பையன் சிரித்தான். "மேடம், இதோட மூணு தடவை சொல்லிட்டீங்க."

நான் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, நாலாவது தடவையும் சொன்னேன்.