பொட்டைத் தாண்டிய ரயில்

தொண்ணூறுகளின் இறுதியில், ஓசூர்த் தொழிற்பேட்டையில் எங்கள் ஆலையின் ஆயுத பூஜைக்கு வரும் குடும்பங்கள் நான் ஓட்டிக் காட்டும் சிறிய மாதிரி ரயிலைப் பார்க்கத்தான் முதலில் கூடும். வெளிநாட்டிலிருந்து நான் தருவித்த அந்த இன்ஜினுக்குள் இருந்த மின்சுற்று, தண்டவாளத்திலிருந்து மின்சாரம் பெற்று, அசல் நீராவி இன்ஜினைப் போலவே ஒலி எழுப்பும்.

ஓர் ஆண்டு, பக்கத்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி தம் இன்ஜினுடன் வந்தார். உருண்டை முகம், மடிப்புக் குலையாத சட்டை. பேசுமுன் கைக்குட்டையை நான்காக மடித்து உதட்டை ஒற்றிக்கொள்வார். அந்தப் பழக்கமே எனக்குப் பிடிக்கவில்லை.

பூசாரி, லேத்துகளுக்கு வைத்ததுபோல் என் தண்டவாளத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். ஒவ்வொரு பொட்டிலும் மின்தொடர்பு அறுந்து, என் இன்ஜினின் ஒலி விட்டுவிட்டு வந்தது.

"வண்டிக்கு விக்கலுங்களா சார்?" என்றார் ஓர் அம்மாள். கூடமே சிரித்தது.

அதிகாரியின் இன்ஜினோ அதே பொட்டுகளின் மீது ஒலி குன்றாமல் ஓடியது. எப்படி என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் கைக்குட்டையை மடித்தார்.

"உள்ள கெபாசிட்டர் சேர்த்திருக்கேன் சார். கரண்ட் விட்டுப்போனாலும் அது கொஞ்ச நேரம் தாங்கும். கொடுங்க, உங்களுதுக்கும் போட்டுத் தரேன்."

"வேண்டாங்க. வந்தது வந்தபடியே இருக்கணும் எனக்கு."

"அப்ப வருஷா வருஷம் விக்கல்தான்!"

மறு ஆண்டு தண்டவாளத்துக்குப் பொட்டு வைக்க நான் இசையவில்லை. என் ரயில் தடையின்றிக் கூவிச் சென்றது. அதே அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பொட்டு மேல போற வண்டி எங்க சார்?"

அந்த அதிகாரி பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டார் என்று சொன்னேன். வராத ஒருவர் அந்தக் கூடத்தை எப்படி நிறைத்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.