நிற்காத வெல்லம்

இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறித்த வருடம், மணலூர்பேட்டைக்கு அருகே மச்சான் வீட்டில் மாட்டிக்கொண்டேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பேருந்து கிடையாது. ஊர் எல்லைவரை நடந்துபோய், சாலையில் கிடந்த மரங்களை எண்ணினேன். பதினொன்று. அவற்றில் இரண்டு புளியமரங்களை வெட்டியதில் மச்சானுக்கும் பங்கு உண்டு.

மறியல் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார். மறியலுக்கு முந்தின நாள்தான் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, கொல்லைக் கரும்பில் பெரும்பகுதியை வெட்டிப் போட்டிருந்தார். லாரி வரவில்லை. வெட்டிய கரும்பு வெயிலில் சுருங்கிக்கொண்டிருந்தது.

"மரத்தையும் வெட்டிப் போட்டீங்க, கரும்பையும் வெட்டிப் போட்டீங்க. லாரி இன்னா பறந்துக்கினா வரும்?" என்றார் அவர் மனைவி.

"புள்ளைங்க படிக்கணும்னு போனேன்டி. கரும்பு ரெண்டு நாள் பொறுக்காதா?"

பொறுக்கவில்லை. பக்கத்துக் கொல்லையில் வெல்லம் காய்ச்சும் கொப்பரை இருந்தது. கரும்பைப் பிழிந்து சாற்றை அதில் ஊற்றிக் காய்ச்சினார்கள். நீர் ஆவியாகிப் போனது, சாறு பாகானது, பாகு சிவந்தது. நல்ல பாகைத் தண்ணீரில் விட்டால் உருண்டு கெட்டியாக வேண்டும். இது நூலாக இழுத்தது. இன்னும் எரிக்கச் சொன்னார் மச்சான். கருகிய வாடைதான் ஜாஸ்தியானது. வெட்டிப் பல நாள் கிடந்த கரும்பில் சர்க்கரை உடைந்துவிடும், உடைந்த சர்க்கரை இறுகவிடாது என்றேன். பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன் நான்.

"இறுக வைக்க வழி சொல்லு மாப்ள" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவராகவே விதைக்கு விட்டிருந்த கரும்பையும் வெட்டி, பழையதோடு பாதிக்குப் பாதி கலந்து காய்ச்சினார். அடுத்த நடவுப் பட்டத்துக்கு இனி விதை கிடையாது. இம்முறை இறுகியது, கொஞ்சம். உருண்டை பிடித்துப் பலகையில் அடுக்கினார்கள். அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று.

மரங்களை அகற்றிய மறுநாள் வெல்ல வியாபாரி வந்தார். ஓர் உருண்டையை எடுத்துப் பார்த்தார். கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது வெல்லமா, பாகா? பாகுன்னா மாட்டுத் தீவனத்து வெலைதான்."

"கண்ணு தெரியலையா? உருண்டையா குந்திக்கினு இருக்குதே" என்றார் மச்சான்.

"வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. இது திடமா, திரவமா?"

தன் வடிவத்தைத் தானே காத்துக்கொள்வது திடம் என்று வகுப்பில் சொல்வேன். அதையே சொன்னேன்.

"அப்ப சரி. டீ குடிச்சிட்டு வந்து பாக்கலாம்" என்றார் வியாபாரி.

டீ வந்தது. மூவரும் பலகையையே பார்த்தபடி குடித்தோம். ஈரக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. உருண்டைகளின் அடி மெல்ல அகன்றது. ஓரத்து உருண்டை பக்கத்து உருண்டையோடு ஒட்டியது.

மச்சான் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வெலையில கொஞ்சம் கம்மி பண்ணிக்கோ. நிக்கும்போதே ஏத்திக்கினு போய்டு."

வியாபாரி சிரித்துவிட்டுச் சாக்கை விரித்தார். மச்சான் சாக்கை மடித்து ஓரமாக வைத்து, உள்ளேயிருந்து பாகு ஊற்றி வைக்கும் தகர டின்களை எடுத்து வந்தார்.