கீனன் பப்பில் கிளாஸ் கழுவியவர்

இது நடந்தது. போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2:40க்கும் 3:12க்கும் இடையில் நடந்தது. நேரம் எப்படி இவ்வளவு திட்டமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். நிரோஷினியின் கைபேசியில், அழைப்புப் பட்டியலில், அது இன்னும் இருக்கிறது. வீடியோ அழைப்பு, முப்பத்திரண்டு நிமிடம்.

பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நம்பிக்கொண்டு பகலில் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிப்பவர்கள் இதைப் படிக்காமல் விடுவது நல்லது. இது பட்டப்பகல். ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் நிரோஷினி மட்டும்.

நிரோஷினிக்கு முப்பத்தெட்டு வயது. மிசிசாகாவில் ஒரு சரக்குக் கம்பனியின் கந்தோரில் வேலை. கலியாணம் சரிவரவில்லை. தாய் குணவதியும் அவளுமாகத்தான் அந்த வீட்டில் இத்தனை காலமும் இருந்தார்கள். தாய் செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு சனி, ஞாயிறு முழுக்க வாய் திறக்காமலே போய்விடும். திங்கள் காலை பஸ் சாரதிக்கு வணக்கம் சொல்லும்போதுதான் தன் குரலே அவளுக்குக் கேட்கும்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 'காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும்...' என்று போகும். குணவதியின் அறிவித்தலை எழுதும்போது அந்த முதல் சொல்லில் எல்லாம் நின்றுவிட்டது. பிக்கரிங்கில் இருந்து வந்த நவரட்ணம் மாமா, குணவதியின் தமையன், பேனையைப் பிடித்துக்கொண்டார்.

"காலஞ்சென்ற எண்டு போடாதை பிள்ளை. செத்ததை ஆர் கண்டது? உவன் அயர்லாந்திலை ஆரோ வெள்ளைக்காரியோடை சுகமாய் இருப்பான்."

'உவன்' என்று மாமா சொன்னது நிரோஷினியின் அப்பாவை. இராசரத்தினம். அவள் அவரைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாள். கடைசியில் அந்தச் சொல்லைப் போடவில்லை. குணவதி நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் எரிந்துபோனாள்.

இராசரத்தினம் 1987 கார்த்திகையில் கனடாவுக்கு என்று புறப்பட்டவர். நிரோஷினி அப்போது நான்கு மாதக் குழந்தை. மொஸ்கோவில் இருந்து கியூபாவுக்குப் போகும் விமானத்தில் ஏஜென்ட் ஏற்றிவிட்டான். விமானம் எண்ணெய் நிரப்ப இரண்டு இடத்தில் தரிக்கும். முதலாவது அயர்லாந்து, இரண்டாவது கனடா. இரண்டாவதில் பாஸ்போட்டைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுவிட்டு இறங்கவேண்டும். உன் சொந்தப் பெயரை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதே என்று ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மூன்று நாள் நித்திரை இல்லாத மனிதர் விமானத்தில் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது விமானம் நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது தரிப்பு என்று நினைத்தார். கிழித்தார், போட்டார், இறங்கினார். அயர்லாந்து.

இது அவரே எழுதியது. தாயின் சூட்கேசில் ஐந்து வட்ட மட்டைகள் இருந்தன. பியர்க் கிளாஸுக்கு அடியில் வைப்பார்களே, அந்த மட்டை. ஒரு பக்கத்தில் கீனன் பப், லிமரிக் என்று அச்சு. மறுபக்கத்தில் பொடிப்பொடியாகத் தமிழ். கிளாஸ் கழுவுகிற வேலை கிடைத்திருக்கிறது, களவாக இருப்பதால் கடிதம் போடவேண்டாம், காசு சேர்ந்ததும் கனடாவுக்குப் போய் உங்களைக் கூப்பிடுகிறேன், பிள்ளைக்குப் பல் வந்துவிட்டதா. கடைசி மட்டை 1989 தை மாதம். பிறகு ஒன்றும் இல்லை. குணவதி பொறுக்கமாட்டாமல் கணவன் பெயருக்கு அந்த விலாசத்துக்கு எழுதினாள். 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று கடிதம் திரும்பி வந்தது. தாயையும் மகளையும் பிறகு கனடாவுக்குக் கூப்பிட்ட மாமாவுக்கு அது போதும். பப்பில் கிடந்தவன், குடிகாரன், ஓடிவிட்டான். முப்பத்தேழு வருடமாக ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் நிரோஷினி அதைக் கேட்டாள்.

இப்போது முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அச்சுக்குப் போகவேண்டும். அப்பா செத்தாரா, எங்களை விட்டுப் போனாரா? அவளுக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும். லிமரிக் ஊரின் பழைய படங்கள் போடும் முகநூல் பக்கம் ஒன்றில் மட்டையைப் படம் எடுத்து, அங்கே கிளாஸ் கழுவிய அப்பாவின் பெயரையும் எழுதிப் போட்டாள். இரண்டாம் நாள் மொறா என்ற பெண் எழுதினாள். அது என் தந்தையின் பப். மூடி ஆறு வருடம். வருகிற கிழமை கைமாறுகிறது. ஞாயிறு மாலை நான் உள்ளே போவேன், கைபேசியில் உனக்குக் காட்டுகிறேன், உன் அப்பாவைப் பற்றி அங்கே வைத்தே சொல்கிறேன்.

2:40. மொறாவின் முகம் திரையில் வந்தது. அறுபதை நெருங்கிய, சிவந்த முகம். அங்கே இரவு ஏழு நாற்பது. பப்பில் தான் மட்டும்தான் என்றாள். தண்ணீர் இணைப்பைப் போன வருடமே வெட்டிவிட்டார்கள், ஒரு விளக்குத்தான் எரிகிறது, குறை நினைக்காதே என்றாள். நீயும் தனியாகவா என்று கேட்டாள். ஓம், தனியத்தான் என்று நிரோஷினி ஆங்கிலத்தில் சொன்னாள்.

கமரா மெல்ல நகர்ந்தது. கவிழ்த்து வைத்த கதிரைகள். தூசி படிந்த நீள மேசை. நிரோஷினி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். அப்பா நடந்த நிலம்.

2:47. டிங்.

கிளாஸும் கிளாஸும் முட்டுகிற சத்தம். யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். மொறா சிரித்தாள். எலிகூட இல்லை என்றாள்.

2:52. கமரா மேசையைத் தாண்டும்போது ஒரு கணம் தெரிந்தது. தூசிக்கு நடுவில் மடித்த துணி ஒன்று. அதன்மேல் கவிழ்த்து வைத்த கிளாஸ்கள், நான்கோ ஐந்தோ. அவற்றில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நிரோஷினி வாய் திறக்குமுன் கமரா நகர்ந்துவிட்டது.

மொறா நடந்தபடியே கதை சொன்னாள். மட்டையைப் பார்த்ததும் அழுதுவிட்டாளாம். "உன் அப்பாவை நாங்கள் 'கனடா' என்றுதான் கூப்பிடுவோம். வந்து மூன்று நாளாக இது கனடா என்றே நம்பிக்கொண்டு இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் கனடாதான்." கடதாசிகளில் வேறு ஒரு பெயர் கொடுத்திருந்தாராம். இராசரத்தினம் என்ற பெயரை இந்தக் கிழமைதான் முதன்முதலில் பார்த்தேன் என்றாள். திரும்பி வந்த கடிதத்தில் 'இங்கே இல்லை' என்று எழுதியது தன் தந்தையே என்றாள். யாருக்கென்று அவருக்குத் தெரியவில்லை.

3:01. பின்பக்கக் கதவை மொறா தள்ளினாள். கிளாஸ் கழுவும் சின்ன அறை.

அங்கே ஒருவர் நின்றார்.

முதுகுதான் தெரிந்தது. வெள்ளைச் சேர்ட். முழங்கை வரை மடித்த கை. கறுத்த, மெலிந்த கழுத்து. தொட்டிக்குள் குனிந்து கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆரோ எங்கடை ஆள் வேலைக்கு நிற்கிறார் போல என்று நிரோஷினி நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள்.

"அவர் யார்?"

"யார்?" என்றாள் மொறா.

கமரா ஆடியது. திரும்ப நேரானது. தொட்டி காய்ந்து கிடந்தது. குழாயில் சிலந்தி வலை.

நிரோஷினி கண்ணைக் கசக்கினாள். வெளிச்சம் குறைவு, கண் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

மொறா அந்தத் தொட்டியைக் காட்டினாள். "இந்த இடத்தில்தான். ஒரு சனிக்கிழமை, 1989 மாசி. கிளாஸ் விழுந்து உடைகிற சத்தம் கேட்டு ஓடிவந்தேன். எனக்கு இருபத்தொரு வயது. இதயம். தண்ணீருக்குள் கை இருந்தபடியே போய்விட்டார். எங்கள் குடும்ப மண்ணில்தான் புதைத்தோம். கடதாசியில் இருந்த பெயரை வைத்து உலகம் முழுக்கத் தேடியும் ஒருவரும் வரவில்லை."

ஓடவில்லை. வெள்ளைக்காரி இல்லை. விட்டுப் போகவில்லை... நிரோஷினி விம்மி விம்மி அழுதாள். அம்மா இதைக் கேட்காமல் போய்விட்டாளே என்று அழுதாள். முப்பத்தேழு வருடத்துக் கோபம் எல்லாம் போய், அந்த மனிதர்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது.

3:09. கைபேசிக்குள் மறுபடி தண்ணீர்ச் சத்தம். அதற்கிடையில் ஒரு குரல் கேட்டது.

ஆண் குரல். மெல்லிய குரல். தமிழ்.

"பிள்ளை... இது கனடாவோ?"

மூளை யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

"ஓம்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

3:10.

தண்ணீர்ச் சத்தம் திரும்பவும் கேட்டது...

கைபேசியில் இல்லை.

அவளுடைய குசினியில்.

திரையில் மொறா பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் கண் நிரோஷினியின் முகத்தில் இல்லை. தோளுக்கு மேலால் எங்கோ பார்த்தாள். வாய் பாதி திறந்திருந்தது.

"மொறா?"

மொறா கைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"மொறா... என்ன?"

ஒன்றும் இல்லை, எனக்குக் குளிருகிறது, நான் போகவேண்டும் என்றாள் மொறா.

3:12. நிரோஷினி அழைப்பை வெட்டினாள்.

வீடு அமைதியாக இருந்தது.

குசினிக்குள் போய்ப் பார்க்க அவளுக்குக் கால் மணி நேரம் எடுத்தது. குழாய் பூட்டியிருந்தது. ஆனால் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கென்று வாங்கி, பிறகு அலுமாரியில் ஏற்றிவைத்த கண்ணாடிக் கிளாஸ்கள் ஐந்தும் வெளியே இருந்தன. மடித்த துணியில், வரிசையாக, கவிழ்த்து. நனைந்திருந்தன.

நான்தான் காலையில் கழுவியிருப்பேன் என்று நினைத்தாள். அப்படி நினைக்காமல் அந்த வீட்டில் அன்றிரவு படுத்திருக்க முடியாது. எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் படுத்தாள். ஏனோ நன்றாக நித்திரை வந்தது. யாரோ வீட்டில் இருப்பது போன்ற நித்திரை, அம்மா செத்த பிறகு முதல் தடவை.

திங்கள் காலை 6:10. தேத்தண்ணீரோடு, நேற்று அழைப்பில் இருந்த அதே கதிரையில் வந்து இருந்தாள். கைபேசி அதிர்ந்தது. மொறா எழுதியிருந்தாள்.

"மன்னித்துக்கொள். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. நேற்று உன் குசினிப் பக்கம் இருந்து ஒருவர் வந்தார். நீ தனியாக இருப்பதாகச் சொன்னாயே. வெள்ளைச் சேர்ட். விரலில் இருந்து தண்ணீர் சொட்டியது. உன் பின்சுவரில் மாலை போட்ட ஒரு பெண்ணின் படம் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் தெரியவில்லை. முதுகுதான். அந்த முதுகை ஒரு வருடத்துக்கு மேல் தினமும் பார்த்தவள் நான்."

நிரோஷினி திரும்பத் திரும்ப அதை வாசித்தாள். 6:12க்கு இன்னொரு வரி வந்தது.

"நீ அழைப்பை வெட்டும்போது, அவர் உன் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தார்."