வாசலில் சுடுகாட்டு மல்லி

கனகம்மா அக்கா இறந்த செய்தியை, போன செவ்வாய்க்கிழமை காலை அவர் கணவர் சின்னையா அண்ணனே ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை அறையின் ஜன்னலருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "போயிட்டா தம்பி" என்றார். அதற்குள் தாழ்வாரத்தில் யாரோ, "அந்தச் செடி ஊசிதான் கொன்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

அக்கா எங்கள் பெண்கள் வார்டில் ஆயா. காஜா பேராங் கம்பத்து வீட்டிலிருந்து தினமும் நடந்தே வருவார். வாளியும் துடைப்பமுமாக அவர் வந்தால் தலைமைத் தாதியும் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். "ஈரத்துல கால வைக்காதீங்க மிஸ்ஸி!" என்ற அதட்டல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இந்த மலாய் மண்ணுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்காவின் கழுத்தில் நெறி கட்டி, வடியாமல் நின்றுவிட்டது. புற்றுநோய் என்று தெரிந்ததும் பெரிய டாக்டர், "வீட்டுக்குப் போய் ஓய்வெடு" என்றார். அந்தப் பேச்சைக் கேட்ட எத்தனை பேரை அக்காவே தள்ளுவண்டியில் வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்! "ஓய்வுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் டாக்டர். நான் போகல. வேற என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த இளம் டாக்டர் ஒருவர்தான் துணிந்தார். முதலில், செத்த கிருமிகளை ஊசியில் ஏற்றிக் காய்ச்சலை வரவழைத்தார். உடம்பு விழித்துக்கொண்டு கட்டியோடு தானே சண்டை போடும் என்பது அவர் நம்பிக்கை. காய்ச்சல் வந்து கட்டிலே நடுங்கியது. கட்டி கொஞ்சம் இளகி, மறுபடி வீங்கியது. அக்கா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "சரி, அடுத்தது என்ன?" என்றார்.

அடுத்தது, செடியிலிருந்து எடுத்த மருந்து. அயல்நாட்டு நண்பருக்கு எழுதிச் சில சின்னப் புட்டிகளை டாக்டர் வரவழைத்திருந்தார். எந்தச் செடி என்று அவர் படத்தைக் காட்டியதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "இது நம்ம சுடுகாட்டு மல்லியில்ல?"

நித்தியகல்யாணி என்ற நல்ல பெயர் அதற்கு இருந்தாலும், நம்மவர்கள் அதைப் பிணத்தோடு சேர்த்துத்தான் நினைப்பார்கள். சின்னையா அண்ணன் அந்தப் பெயரையே வீட்டில் சொல்லக்கூடாது என்றார். அக்கா மறுநாளே ஒரு கன்றைப் பிடுங்கி வந்து, பால் டின்னில் நட்டு, வாசலில் வைத்துவிட்டார். "நான் அங்க போறதுக்கு முன்னாடி அது இங்க வரட்டும்" என்றாராம்.

வாரம் ஒரு ஊசி. அந்த மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குறைக்கும் என்பதால், ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் அவற்றை எண்ணிச் சொல்வது என் வேலை. கட்டிகள் கரையத் தொடங்கின. ஐந்தாவது வாரம் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. நம்பாமல் மூன்று முறை எண்ணினேன். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. தனி அறையில் போட்டார்கள். "நம் ஆட்களை வைத்துச் சோதனை செய்தது போதும்" என்று பெரிய டாக்டர் ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் கட்டி திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை சின்னையா அண்ணன் என்னைத் தேடி வந்தார். பூவின் பெயரையே சொல்லக்கூடாது என்றவர், சுடுகாட்டுக்கே போய் இலை பறித்து, இஞ்சிக் கஷாயத்தில் காய்ச்சி, என்னவென்று சொல்லாமலே தினமும் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். "ஊசியே இவ்ளோ செய்யுதே, இலையும் சேந்தா சீக்கிரம் கொணமாயிடும்னு நெனச்சேன் தம்பி."

அவரை டாக்டர்களிடம் அழைத்துப் போனேன். அக்காவின் கட்டிலருகே நின்றிருந்தார்கள். அண்ணன் "இலையக் காய்ச்சி..." என்று வாயெடுத்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "நான்தான் காய்ச்சிக் குடிச்சேன் டாக்டர்! என் புத்தி கெட்டுப்போச்சு. ஊசி மேல பழி போடாதீங்க, ஊசிய நிறுத்தாதீங்க." அப்படியே குறிப்பில் எழுதினார்கள்.

பிறகு அக்கா என்னிடம், "பயந்த மனுசன ஏசி என்ன ஆவப்போவுது? ஆனா, எனக்கப்புறம் வர்றவகிட்ட இலையக் குடிக்காதன்னு சொல்லு" என்றார்.

எண்ணிக்கை ஏறியதும் ஊசி தொடர்ந்தது. அக்கா மீண்டும் வாளியைத் தூக்கினார். இரண்டு தீபாவளிக்கு எங்களுக்கு முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்தார். பிறகு நோய் திரும்பியது. இந்த முறை மருந்துக்குக் கேட்கவில்லை. "அடுத்தது என்ன?" என்று அவர் கேட்டபோது இளம் டாக்டர், "இப்போதைக்கு வேறு மருந்து இல்லை" என்றார். "தேடிக்கிட்டே இருங்க டாக்டர். எனக்கு நேரம் பத்தல, அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை சின்னையா அண்ணன் கிளம்பும்போது சொன்னார்: "அவளப் பத்தி எழுதினா, இலையக் காய்ச்சுனது நான்னு போடு தம்பி. நம்ம பக்கத்துல ரெண்டு மூணு வீட்ல இப்ப அதப் பறிக்கிறாங்க. எனக்கு மானம் போனாப் பரவால்ல." போட்டுவிட்டேன் அண்ணே. ஆஸ்பத்திரிக் குறிப்பில் மட்டும் அக்கா சொன்ன பொய் அப்படியே இருக்கட்டும்.

சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்த பால் டின்னை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது இப்போது என் வாசலில் இருக்கிறது. நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்து, "இத வச்சா வீட்டுல சாவு விழும்" என்றார்.

"இத வச்ச வீட்டுல ஒரு பொம்பள ரெண்டு வருசம் கூடுதலா வாழ்ந்தாங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.